பின்சுத்து டாக்சி

பிப்ரவரி 24, திங்கள்

லாண்டரியில் இன்று ஓட்டல் விரிப்புகள் மட்டும் நூற்றுப்பத்து. தோள் இறங்கிப் போச்சு. பாதியில் நாத்தனார் வாசலில் நின்று கையை ஆட்டுகிறாள். இந்த நேரத்துக்குக் கேன்டீன் அடுப்பை விட்டு அவள் நகர முடியாதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று போட்டது போட்டபடி ஓடினேன். ஒன்றுமில்லை. மிக்சி வாங்கிய கடையில் குலுக்கல் போட்டதில் அவள் சீட்டு விழுந்திருக்கிறதாம். தீவுக்கு ஐந்து நாள் சுற்றுலா, இரண்டு பேருக்கு. அவள் வீட்டுக்காரர் விமானம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிற ஆள்.

"அண்ணி, நீங்க வர்றீங்க" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பக்கத்து மேசைக்காரி, போகலைன்னா நான் போறேன் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எழுந்தே விட்டாள்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம்கூட முடியவில்லை. இதில் எனக்குச் சுற்றுலா ஒரு கேடா?

மார்ச் 1, சனி

மகள் போன் பண்ணினாள். பிரசவத்துக்கு மே மாதம் நடுவில் நாள் குறித்திருக்கிறார்கள். இந்த உடம்போடு மலை இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான்தான் போக வேண்டும். பஸ் மலையடி வரைக்கும்தான் போகும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் கார்.

கார் என்றதும் நான் பேச்சை மாற்றினேன். அவள் விடவில்லை. "முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. நான் அத்தைய வரச் சொல்லிக்கிறேன். கடைசி நேரத்துல மலையடியில நின்னு அழாதே." அத்தை என்றால் அவள் மாமியார். நல்ல மனுஷிதான். ஆனாலும் என் மகளுக்குத் தலைப்பிரசவம்.

பாப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். என்னத்தைப் பார்க்கிறது. அவர் இருபத்தெட்டு வருஷம் டாக்சி ஓட்டினார். போன ஜூலையில் ரயில்வே ஸ்டேஷனில் ஆளை இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, இன்டிகேட்டர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறார். எதையும் ஒழுங்காகச் செய்தே பழக்கம். அன்றிலிருந்து நான் எந்தக் காரிலும் ஏறவில்லை. பஸ் பரவாயில்லை, கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் முதுகு தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

பெட்டி கட்டியாச்சு. கடலில் நிற்க என்று நாத்தனார் ரத்தச் சிவப்பில் நைட்டி வாங்கியிருக்கிறாள். அவள் அண்ணன் பார்த்திருந்தால் சிக்னல் என்று வண்டியை நிறுத்தியிருப்பார்.

மார்ச் 5, புதன்

விமானத்தில் எனக்குப் பயமே இல்லை. ஓட்டுகிறவர் கதவுக்கு அந்தப் பக்கம். அதுவும் இரண்டு பேராம். ஒருவருக்கு ஒன்று என்றால் இன்னொருவர் இருக்கிறார். டாக்சியிலும் இப்படி வைத்திருக்கலாம்.

இறங்கிய இடத்திலிருந்து ஓட்டல் பஸ் கூட்டி வந்தது. அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல். விரிப்பு மட்டும் சரியில்லை, ஈரம் காயும் முன்னே மடித்திருக்கிறார்கள், ஓரம் சுருண்டு கிடக்கிறது. பிரித்து உதறிப் போட்டேன். "வேலைக்கு வந்தீங்களா, ஊர் பார்க்க வந்தீங்களா?" என்று நாத்தனார் ஏசினாள். இங்கேயும் நம் பேச்சுதான். கடைசி எழுத்தை மட்டும் இழுக்கிறார்கள், ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி.

மார்ச் 6, வியாழன்

தீவு முழுக்க ஒரே ரோடு, பஸ் கிடையாது. எங்கே போனாலும் டாக்சி. இதை மிக்சிக் கடைக்காரன் சொல்லவே இல்லை.

ஓட்டலில் சாவி கொடுக்கிற பெண் ஒரு வண்டியை அழைத்துவிட்டாள். கடைவீதிக்குப் பத்து நிமிஷம். மலைக்கு இரண்டு மணி நேரம் போகப் போகிறவள் பத்து நிமிஷம் தாங்கமாட்டேனா என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். கண்ணை மூடினால் இன்னும் மோசம். திறந்து டிரைவரையே பார்த்தேன். அவர் வாயை மூடினால் எனக்கு நெஞ்சு அடித்தது. அதனால் பேச்சுக் கொடுத்தேன். சாப்பிட்டாச்சா, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, தூக்கம் வருதா, படி ஏறினா மூச்சு வாங்குமா, இடது கை வலிக்குமா. இறக்கிவிடும்போது, "டாக்டரம்மாவா?" என்று நாத்தனாரிடம் கேட்டார். "ஆமா, ரொம்பப் பெரிய டாக்டர்" என்று அவளும் சொல்லித் தொலைத்தாள். அவர் உடனே சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த தேமலைக் காட்டினார்.

திரும்பி வரும்போது ஏறமாட்டேன் என்றுவிட்டேன். வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நடை. நாத்தனார் குதிகாலில் கொப்புளம். வழி நெடுக மிக்சிக் கடையைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

காலையில் நாத்தனார், டாக்சி என்றால் வருவேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று காலை நீட்டிவிட்டாள். சரி, பத்து நிமிஷம்தானே. கேட்டில் இரண்டு டாக்சி. ஒருவர் "முன்சுத்து, முன்சுத்து" என்கிறார். இன்னொருவர் "பின்சுத்து" என்கிறார். சாவி கொடுக்கிற பெண்ணைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று நாத்தனார் திரும்பினாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எங்கள் வீட்டில் நான் ஆயிரம் தரம் கேட்ட வார்த்தை. ஆளை இறக்கிவிட்டு, வீட்டுப் பக்கம் வருகிற யாரையாவது ஏற்றிக்கொண்டு, குறுக்கு வழியில் சட்டென்று வந்து சேர்வதற்கு அவர் பின்சுத்து என்பார். பின்சுத்து கிடைத்த நாளெல்லாம் சோறு ஆறும் முன்னே வந்துவிடுவார்.

"டாக்சிக்காரர் பொண்டாட்டிக்கு நீ சொல்லிக் குடுக்கறியா?" என்று அவளைத் தள்ளி ஏற்றினேன்.

இந்த டிரைவர் விசில் அடிக்கிறவர். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, நான் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை, உயிரோடு இருக்கிறார் என்று அவரே சொல்லிக்கொண்டு வருகிறார். பத்து நிமிஷம் ஆச்சு. இருபது ஆச்சு. கடைவீதியைக் காணோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாறை. நாத்தனார் என்னைப் பார்க்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். கடைசியில் அவளே கேட்டாள். தீவைச் சுற்றி ஒரே ரோடுதானே, முன்பக்கமாகப் போனால் கடைவீதி பத்து நிமிஷம், பின்பக்கமாகச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம் என்று அவர் சொன்னார். "வேடிக்கை பாக்கறவங்கதான் பின்சுத்து ஏறுவாங்க. நீங்க அவ்வளவு அவசரமா தள்ளிக்கிட்டு ஏறினீங்களே, ஆசைன்னு நெனச்சேன்."

நாத்தனார் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிறாள். டாக்சிக்காரர் பொண்டாட்டி, டாக்சிக்காரர் பொண்டாட்டி என்று என் தொடையில் தட்டுகிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதமாச்சு.

அந்தச் சிரிப்பில் விசில் நின்றதை நான் கவனிக்கவில்லை. வண்டி மெதுவாகி ஓரம் போய் நின்றது. இன்டிகேட்டர் டிக் டிக் என்கிறது. முன் சீட்டில் தலை, ஸ்டியரிங் மேல்.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நாத்தனார் சொல்லித்தான் தெரியும். எம்பி, அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேனாம். எழுந்திரிங்க எழுந்திரிங்க என்று கத்தினேனாம். மனுஷன் மூக்குக்கண்ணாடி காலடியில் விழுந்துவிட்டது என்று குனிந்து துழாவியிருக்கிறார். அலறி எழுந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் மணலில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை.

அன்று காலையில் அவர் என்னிடம், நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் படுக்கட்டுமா என்று கேட்டார். எனக்கு லாண்டரிக்கு நேரமாச்சு. "வாயுதான், கெளம்புங்க, சவாரி காத்துட்டு இருக்கும்"னு சொன்னேன். நானே சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன். நான்தானே கொடுத்தேன். படுங்கன்னு ஒரு வார்த்தை — வாயில் வந்திருக்கக்கூடாதா எனக்கு?

நாத்தனார் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தாள். மீதி வழி முழுக்க அவர் விசில் அடிக்கவில்லை, இவளும் பேசவில்லை. கடைவீதியில் இறங்கவே இல்லை, நேரே அறைக்கு வந்துவிட்டோம்.

மார்ச் 8, சனி

பேசவில்லை. காலையிலேயே எழுந்து தனியாகக் கடலுக்குப் போய்விட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு சிவப்புப் புள்ளி.

அவளுக்கு ஒரே அண்ணன். என் மேல் கோபம் இருக்காதா? நான் சொல்லியிருக்கக்கூடாது.

மத்தியானம் விரிப்பு இரண்டையும் இன்னொரு தரம் மடித்துப் போட்டேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் குளித்துக் கிளம்பி நின்றுகொண்டு, "ஏறுங்க" என்றாள். கேட்டில் விசில்காரர். இவள்தான் வரச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஒரு பழக் கூடை வேறு, அடி வாங்கினதற்கு. எங்கே போகிறோம் என்று கேட்டேன். பின்சுத்து என்றாள்.

பாறை தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே பேசினாள். அவள் அண்ணன் போவதற்கு நாலு நாள் முன்பு கேன்டீனுக்கு வந்தாராம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே, ரெண்டு நாளா நெஞ்சுல ஒரு பாரம் என்றாராம். டாக்டரிடம் போ என்று இவள் திட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் போறேன் என்றிருக்கிறார்.

"அவகிட்ட சொல்லாதே, பயந்துடுவான்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. நான் சொல்லியிருந்தா நீங்க சாவிய குடுத்திருப்பீங்களா? எட்டு மாசமா உங்க மூஞ்சிய பாக்க முடியாம, வாரத்துக்கு மூணு தரம் வந்து பாத்துட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. அறைந்துவிடலாம் போல. நாலு நாள்! நாலு நாள் தெரிந்திருந்தால் அவர் காலில் விழுந்தாவது கூட்டிப் போயிருப்பேனே. அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு அப்படியே அவர் மூக்கு. அழும்போது நுனி சிவந்துவிடும். அவருக்கும் அப்படித்தான். அறையப் போன கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த மூக்கைத் துடைத்துவிட்டேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் டிமிக்கி குடுத்துட்டாரு உங்கண்ணன்" என்றேன்.

"உங்க புருஷன்" என்றாள் அவள்.

இது எங்கள் பழைய சண்டை. நல்லது செய்தால் அவள் அண்ணன், தப்பு செய்தால் என் புருஷன். விசில்காரர் கண்ணாடியில் பார்த்து, சண்டையா சமாதானமா, வண்டியை நிறுத்தணுமா என்று கேட்டார். நிறுத்தாதீங்க, நிறுத்தினா அடிப்பாங்க என்றாள் இவள்.

கடைவீதியில் இறங்கினோம். பேரப்பிள்ளைக்கு ஒரு தொப்பி வாங்கினேன். திரும்பி வரும்போதும் வேறொரு டாக்சியில்தான் வந்தேன். அந்த டிரைவரிடம் சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டேன். அது யாரும் கேட்பதுதானே.

மார்ச் 10, திங்கள்

ஊர் வந்தாச்சு. நாத்தனார் முதுகெல்லாம் வெயிலில் உரிந்து கிடக்கிறது. அவள் வீட்டுக்காரர் எண்ணெய் தடவிவிடுகிறாராம், குலுக்கலில் இவருக்கும் ஒன்று விழுந்த மாதிரி.

மகளுக்குப் போன் பண்ணி, நான் வருகிறேன், உன் மாமியாரைச் சிரமப்படுத்தாதே என்றேன். காரிலா என்று கேட்டாள். பின்னே, நடந்தா வருவாங்க என்றேன். வாயால் சொல்லியாச்சு. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

லாண்டரி முதலாளி வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டலுக்கு விரிப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். கை வியர்த்தது. அவ்வளவுதான்.

மே 14, புதன்

மகளின் ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெண் குழந்தை, இன்று காலை பத்தே கால் மணிக்கு. தொப்பி பெரிதாகப் போய்விட்டது, மூக்கு வரைக்கும் இறங்குகிறது.

நேற்று மலையடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மகளை முன்னமே சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு நானே ஒரு கார் பேசி ஏறினேன். நாத்தனார் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். டிரைவர் வாயே திறக்காத ஆள். வணக்கம்கூடத் தலையாட்டல்தான். நாலு வளைவு வரைக்கும் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

மகள் கோபமாக இருந்தாள். வலி எடுத்ததும் ஆறு தரம் போன் அடித்திருக்கிறாள், நான் எடுக்கவில்லை. வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ, பயந்துபோய் நடுவில் இறங்கிவிட்டேனோ என்று மாப்பிள்ளையை ரோட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள்.

"என்னம்மா பண்ணிட்டிருந்தே கார்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தூங்கிட்டேன்டி" என்றேன். "ஆஸ்பத்திரி வந்துடுச்சுன்னு டிரைவருதான் எழுப்பினாரு."