கரோவாவுக்கு முளைத்த கொம்பு

என்னைத் தோளில் சுமந்த என் முத்தண்ணே,

உன் பதினாறாம் நாள் காரியத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அண்ணி, உன் மகன் செந்தில், அவன் பெண்டாட்டி, கப்பலூர் சித்தப்பா, காளவாசல் டீக்கடைக்காரர், உன்னிடம் பால் வாங்கிய தெருக்காரர்கள், நான். அண்ணியின் தம்பியும் இருந்தான். அவன் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

தாய்மாமன் முறைக்கு அவன்தான் செந்திலுக்கு உருமா கட்டினான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "எங்க மச்சான் ரஷ்யாக்காரன் மாட்டுக்கே பேரு வச்ச ஆளு! நம்ம கறவைதான் அங்க போயி கரோவாவா ஆச்சுன்னு பலகை எழுதி மாட்டுனாரு. எம்புட்டு அறிவு பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும், "யோவ், எழவு வீட்டுலயா?" என்றார். உருமா கட்டும்போது தலை நிமிரக் கூடாதே, செந்தில் குனிந்தே இருந்தான். அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

அண்ணே, அந்தக் கதையை உனக்குச் சொன்னது யார்? பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, "ரஷ்யனின் கரோவா நம் கறவை!" என்று முழங்கியவன் உன் மச்சினன்தானே? "எம் மச்சினன் படிச்சவன்த்தா, பொய்யா சொல்லுவான்?" என்றாய் என்னிடம். அதை நம்பித்தானே வில்லாபுரத்தில் வீட்டு வாசல் கடைக்கு 'கரோவா பால்' என்று பலகை மாட்டினாய்?

மறுநாளே செந்தில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஊரே சிரிக்குது அத்தே, பலகைய எறக்கிர்றேன்."

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்" என்றேன்.

ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாளே என் பேத்தி கயல், அவளை அங்கே விசாரிக்கச் சொன்னேன். போனில் பேசினாள். "அம்மாச்சி, கறவைக்கும் கரோவாவுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆதியில கரோவான்னா கொம்பு உள்ளதுன்னு அர்த்தமாம். போலந்துல க்ரோவா, பல்கேரியாவுல க்ராவான்னு ஊருக்கு ஊரு மாறியிருக்கு. வேற சில தேசத்துல அதே வேர்ச்சொல்லு மானுக்குப் பேரா போயிருச்சாம்."

ஆக, நீ நம்பியது தப்புதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூச நீ வேறு யாரையாவது விட்டாயா? பால் வற்றிய கிழட்டுப் பசுவுக்கும் நீயே உட்கார்ந்து பூசுவாயே! கறந்தால்தான் மாடு என்று நீ ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தச் சொல்லின் நிஜமான அர்த்தம் உன் கைக்குப் பொருந்தவில்லையா?

நேற்று பெயின்டரை வரச் சொல்லி, பலகை எழுத்துக்கு மேலே இரண்டு கொம்பு வரைய வைத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, நீ பூசுவது போலவே. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது செந்தில்தான். இந்தமுறை அவன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

நான் மூச்சோடு இருக்கும்வரை அந்தப் பலகை வாசலை விட்டுப் போகாது. உன் தலைத் திவசத்துக்கு அண்ணியின் தம்பி வந்தால், அந்தக் கொம்புக்கு அடியில் குனிந்துதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். வர்ணம் காய்ந்ததும் பலகையை வாசலுக்கு நேராகத் தாழ்வாக மாட்டச் சொல்லிவிட்டேன்.

சிரித்தவர்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டேன், அண்ணே. ஒருத்தனை மாட்டேன். குணசேகரன்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
ராக்காயி