மீன் வெளியே இருக்கும் நேரம்

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். தட்டிக்கொடுத்த கையை முகத்தருகே கொண்டுவந்தால், எவ்வளவு சோப்புப் போட்டும் உப்பும் சேறும் கலந்த அந்த வாடை போகவில்லை. நகங்களில், மீன் புண்ணுக்குத் தடவும் பர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை. நீ இருந்தவரை மார்கழி முழுக்க நம் இருவர் கையும் இப்படித்தான் இருக்கும்.

குளிர் இறங்கியதும் மீன்களுக்குப் புண் வந்துவிட்டது. கட்லா, ரோகு இரண்டிலும் செதில் உதிர்ந்து சிவந்த வட்டங்கள். சாயங்காலம் தொட்டியில் உப்புக் குளியல் கொடுத்தேன். குட்டைத் தண்ணீரைத்தான் ஊற்றினேன், போர்வெல் தண்ணீர் இல்லை. காற்றுக் குழாயும் போட்டேன். ஈரத் துணியில் ஏந்தி ஒவ்வொன்றாய்த் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அது உன் பழக்கம். கல்லூரியில் தோழிகளாய்ச் சேர்ந்து படித்த விலங்கியல் பாடத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. நாமகிரிப்பேட்டையில் என் மாமனார் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் நாம் சேர்ந்து மீன் விட்ட முதல் வருடம், நீயாகத் தொடங்கியது. மீன் தண்ணீரை விட்டு வந்ததும் உன் மூச்சும் நின்றுவிடும். புண்ணைப் பார்த்து, மருந்து தடவி, திரும்ப விட்ட பிறகுதான் விடுவாய். நான் கொஞ்சம் தாமதித்தால், "உனக்கு நெஞ்சு முட்டுதா புள்ள? அப்ப அதுக்கும் முட்டுது. விடு" என்பாய். தேறாது என்று தெரிந்த மீனைக் கரையில் துடிக்கவிட மாட்டாய். தலையில் ஒரே அடி.

என் மாமனாரை நீயும் மாமா என்றுதான் கூப்பிடுவாய்; அவர் கோழிப்பண்ணைக்காரர். மீனுக்குப் புண் என்று கேட்டதும் கோழி மருந்துப் பொட்டலத்தோடு வந்து நின்றாரே.

"தீவனத்துல கலந்துடு சாமி. கோழிக்குக் கேக்கறது மீனுக்குக் கேக்காதா?"

"கலந்தா மீனு முட்டை போட்டு அடைகாக்குமுங்க மாமா. பரவாயில்லீங்களா?"

"காக்கட்டும். முட்டைய நான் வித்துக்கறேன், உனக்கென்ன நட்டம்?"

சிரித்துக்கொண்டே பொட்டலத்தை அவர் கையிலேயே திணித்தாய். எந்தக் கிருமியென்று தெரியாமல் மருந்தைக் கொட்டினால் பின்னால் எந்த மருந்தும் கேட்காது என்று அவருக்குப் பொறுமையாகச் சொன்னாய். மறுநாளே ஒரு மீனை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனாய்.

அப்படிப்பட்டவள், வலை இழுக்கையில் ஜிலேபி மீனின் முள் பாதத்தில் ஏறியபோது, அதே பொட்டலத்தைப் பிரித்துத் தூவிக்கொண்டாய். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் செய்வதுதான். கோழி மருந்து கைக்கெட்டும் அலமாரியில் இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் நேரம் இருக்காது. நான் அப்போது பாப்பாவோடு சங்ககிரியில் அம்மா வீட்டில் இருந்தேன். "ஏம்புள்ள, முள்ளு குத்துனதுக்கெல்லாம் டாக்டரா? மீன் பிடிச்சு முடியட்டும், போறேன்" என்று போனில் சிரித்தாய். மேலே பொருக்குத் தட்டிவிட்டது. உள்ளே சீழ் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனியா என்று செய்தி அனுப்பினேன். வீக்கம்தான், நாளைக்குப் போறேன் என்று பதில் போட்டாய். மறுநாளும் அதையே கேட்டேன். அதற்குள் உன்னைச் சேலத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். உன் உடலைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அந்தக் காலை மட்டும் துணி சுற்றி வைத்திருந்தார்கள். என் கேள்வி செல்லில் இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்று கடைசி மீனையும் விட்டுவிட்டுத் திரும்பினால், பாப்பா தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டு நிற்கிறாள். என் கண்ணில் படாமல் அடியில் கிடந்த ஒரு ஜிலேபிக் குஞ்சின் முள் குத்தி, சுண்டுவிரலில் ஒரு புள்ளி. அவள் அழக்கூட இல்லை. ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாமா பழக்கத்தில் அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்துவிட்டார்.

"துளி தூவிவிடு கண்ணு, காலையில..."

பாதியிலேயே நின்றுவிட்டார். பொட்டலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்போல வெளியே போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, "விடிஞ்சதும் சேலத்துல அஸ்தம்பட்டி டாக்டருகிட்டப் போயிரலாம். நானே வண்டி எடுக்கறேன்" என்றார்.

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. விரல் சிவந்திருக்கிறதா, நிழல்தானா என்று செல் வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது, நெஞ்சு முட்டிய பிறகுதான் தெரிகிறது. நீ கொடுத்துவிட்டுப் போனது இதுதான் போலிருக்கிறது. குட்டைப் பக்கம் சத்தம் கேட்கிறது. மீன் துள்ளுவதுதான், தெரியும். ஆனால் துள்ளல் அடங்கிய பிறகு வரப்பில் ஒரு கால் இழுபடும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்து பார்க்க எனக்குப் பயமில்லை. திறந்தால் யாரும் இல்லையென்று ஆகிவிடுமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனியா? சீக்கிரம் பதில் போடு.