நாலு பேருக்கு எவ்வளவு உப்பு?

2007 ஜூன் 4, திங்கள்

இன்றைக்கும் ஆர்டர் இல்லை. ஃபோன் அடித்தது, ஓடிப் போய் எடுத்தால் என் வீட்டுக்காரி மெஹர் பானுவோட தம்பி ஜமீர், சவூதி தம்மாமிலிருந்து. ஏதோ லேபர் கேம்ப் கிச்சனில் மாஸ்டர் வேலை காலியாம். தினமும் நானூறு பேருக்குச் சமைக்கணுமாம். "ஆகஸ்ட் முடியறதுக்குள்ள சொல்லுங்க மச்சான், விசா எடுத்துடலாம்" என்றான்.

மண்டபக்காரர்கள் எல்லாரும் சொந்தமாகச் சமையல் காண்ட்ராக்ட் வைத்துக்கொண்டார்கள். கல்யாண பிரியாணி மாஸ்டர் வாஜித் இப்போது வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். என் தேக்சா அண்டாக்கள் மாடிப்படிக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. உள்ளே பல்லி குடும்பம் நடத்துகிறது.

மெஹரிடம் சொன்னேன். "போகணுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கும் போக இஷ்டமில்லை. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 7

கீழ்க்கடையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜாய்சன் ஒரு வழி சொன்னான். "ஒரு ப்ளாக் ஆரம்பிங்க பாய், காசே வேணாம். கேளம்பாக்கம் ஐ.டி. கம்பெனிக்காரங்க பூரா நெட்லதான் கெடக்குறாங்க. பிரியாணின்னு தேடுனா நீங்க வரணும்."

பெயர்: 'வாஜித் பாய் தேக்சா'. பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. ஃபோன் நம்பரையும், தேக்சா பக்கத்தில் கரண்டியோடு நிற்கிற என் ஃபோட்டோவையும் போட்டான். புலியைச் சுட்டவன் மாதிரி நிற்கிறேன்.

ஜூன் 9

வந்து பார்த்தவர்கள் பதினொரு பேர் என்று காட்டியது. மெஹரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஜாய்சன் சொல்கிறான் — "நீங்க தொறந்து தொறந்து பாத்தீங்கல்ல பாய், அதுவும் சேரும்."

பதினொன்றும் நான்தான்.

ஜூன் 18

இருபது கிலோ பிரியாணி செய்முறையை ஒற்றை விரலால் டைப் அடித்துப் போட்டேன். அரிசி இவ்வளவு, கறி இவ்வளவு, தக்காளி ஒரு கூடை, உப்பு — கை அறியும்.

தொழில் ரகசியம் போய்விடுமோ என்று ஒரு பயம் இருந்தது. ஆனால் இருபது கிலோவை வீட்டில் யார் செய்வார்கள்? படிப்பார்கள், நாக்கில் எச்சில் ஊறும், நமக்கு ஃபோன் போடுவார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 25

முதல் பின்னூட்டம். ஜாய்சன் கூப்பிட்டதும் லுங்கியோடு ஓடினேன். பள்ளிக்கரணையிலிருந்து அமலராணி என்பவர்: "சார், எங்க வீட்ல நாலு பேர். நாலு பேருக்கு எவ்வளவு உப்பு?"

ஜூன் 30

இன்னும் ஆறு பேர் அதே கேள்வி. ஒருத்தருக்கும் ஆர்டர் கொடுக்கிற எண்ணமே இல்லை. நாலு பேருக்கு எவ்வளவு உப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டு அடுப்பை நான் பற்றவைத்ததே கிடையாது. அது மெஹரோட ராஜ்யம்.

ஜூலை 8, ஞாயிறு

செய்து பார்த்தேன். எல்லாவற்றையும் இருபதால் வகுத்தேன். 'கை அறியும்' என்பதை மட்டும் வகுக்க முடியவில்லை. பழக்கதோஷம், கல்யாண தேக்சாவுக்குத் தம் போடுகிற மாதிரி மூடி மேல் ஒரு சட்டி நெருப்பை வேறு கொட்டினேன்.

அடியில் கரி, நடுவில் களி, மேலே அரிசி அரிசியாகவே இருந்தது. மகள் ருக்சார் ஒரு வாய் வைத்துவிட்டு, "அத்தா, தோசை இருக்கா?" என்றாள். மெஹர் தோசைக்கல்லை எடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊருக்கே ஆக்கிப் போட்டவனுக்கு, தன் வீட்டு மூணு பேருக்கு ஒரு வேளை சோறு ஆக்கத் துப்பில்லை. தம்மாம்தான் எனக்கு லாயக்கு. நானூறு பேர்னா நான் புலி.

ஜூலை 9

ஜாய்சன் கடைப் பக்கம் போகவில்லை. இனி ப்ளாக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

ஜூலை 30

மனசு கேட்காமல் இன்றைக்குத் திறந்தேன். எல்லாக் கேள்விக்கும் கீழே பதில் இருக்கிறது — என் பெயரில்.

"அமலராணிம்மா, குக்கர் வேண்டாம். அடி கனமான பாத்திரம் எடுங்க. தம் போடும்போது கீழே பழைய தோசைக்கல் வைங்க, அடிப்பிடிக்காது. உப்பை முதலில் குறைச்சலாப் போட்டு, தண்ணி கொதிக்கும்போது நாக்கில் வைத்துப் பாருங்க. லேசாகக் கரித்தால் சரி. — வாஜித் பாய்."

யார்றா இது? ஜாய்சன் தலையைச் சொறிந்தான். "பானு அக்காதான் பாய். பாப்பாவ ஸ்கூல்ல வுட்டுட்டு வந்து அடிப்பாங்க. நீங்கதான பாஸ்வேர்டை எழுதி மானிட்டர்ல ஒட்டி வெச்சீங்க?"

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் பேர்ல எழுத நீ யாருன்னு கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"உங்க பேரு கெட்டுப் போச்சா? படிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க," என்றாள். அப்புறம் மெதுவாக, "எதாவது ஒண்ணு ஓடுனா நீங்க போக மாட்டீங்கன்னு நெனச்சேன்." அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால் அதுவும் பக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 1

கோபம் இன்னும் போகலை. என் பேர்ல எழுதினதுக்கா, என்னைவிட நல்லா எழுதினதுக்கா? இரண்டாவதுதான்.

ஆகஸ்ட் 6

அமலராணி ஃபோன் செய்தார். பாய் சொன்னபடி செய்தாராம், நன்றாக வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை எட்டு பேர் விருந்துக்கு வருகிறார்களாம், பயமாக இருக்கிறதாம், செய்து கொடுக்க முடியுமா என்றார்.

எட்டு பேருக்கு. என் தேக்சாவில் அது சுரண்டி எடுக்கிற அளவு. 'அதெல்லாம் நாங்க எடுக்கிறதில்லைம்மா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மெஹர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செஞ்சு தர்றோம்மா," என்றேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மெஹர் ஆக்கினாள். மாஸ்டர் வெங்காயம் உரித்தார். "இவ்ளோ தடியாவா நறுக்குவாங்க?" என்று மாஸ்டருக்குத் திட்டு விழுந்தது. வண்டியில் கட்டிப் பள்ளிக்கரணை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

இப்போது வாரத்துக்கு ரெண்டு மூணு வீட்டு ஆர்டர் வருகிறது. ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமீருக்கு ஃபோன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "பெரிய ஆர்டரா மச்சான்?" என்றான். "ஆமாம்பா, ஆறு பேரு, எட்டு பேரு" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பாஸ்போர்ட்டை மெஹர் தன் புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

அக்டோபர் 21, ஞாயிறு

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். வண்டியின் பின்னால் மூன்று வீட்டுப் பாத்திரங்கள். ஃபோன்.

"வாஜித் பாய் தேக்சாங்களா? பத்து பேருக்கு வேணும். ப்ளாக்ல பதில் எழுதுவாரே, அந்த வாஜித் பாய்கிட்ட பேசணும்."

"அவரு வீட்ல சமைச்சுக்கினு இருக்காருங்க."

"அப்ப நீங்க?"

"டெலிவரி," என்றேன்.