ஆவணிக்குக் காத்திருந்த கடிதம்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதுவேன் என்று தெரியும். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் ஏரிப் பாசனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம் நினைவிருக்கிறதா? கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஏரிகளைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. முறை வைத்துத் தண்ணீர் விடுவது நம் ஊர்க்காரர்களின் மூளை என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பெயின் விவசாயிகளும் முறை வைக்கிறார்கள், முறை தவறினால் அங்கேயும் பஞ்சாயத்து உண்டு என்று நூலகத்தில் ஒருநாள் படித்தேன். அவ்வளவு தூரத்தில் நமக்கொரு பங்காளியா! போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தது.

அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஆறு மாதம் வந்து ஆராய்ச்சி செய்யக் கூப்பிட்டது. ஆகஸ்ட் பாதிக்குள் சம்மதக் கடிதம் போய்ச் சேரவேண்டும். ஆடி பிறந்த வாரமே எழுதி உங்கள் கையில் கொடுத்தேன். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் கடிதம் ஒன்றைக்கூட ஒரு நாள் தாமதிக்காதவர் ஆயிற்றே நீங்கள்.

தாமதமாக வந்ததால் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது.

“ஆடியில நல்ல காரியத்துக்கு லெட்டர் போட மனசு வரலைம்மா. சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்து, ஆவணி பொறந்ததும் நானே சீல் குத்தி அனுப்பினேன்.”

“கடைசி தேதி போட்டிருந்துச்சேப்பா?”

“நாலு நாள் முன்னப்பின்ன ஆனா வேணாம்னுடுவாங்களா?”

அதற்குப் பிறகு நான் உங்களோடு பேசவில்லை. தை மாதம் நெஞ்சு வலியில் படுத்திருந்தபோது, “எம்மேல கோவமாம்மா?” என்று கேட்டீர்கள். நான் மாத்திரையை மட்டும் நீட்டினேன். மறுநாள் நீங்கள் இல்லை. அப்படியா அவசரப்பட்டுப் போவது?

இப்போது இங்கேதான் கல்லூரியில் வேலை. ஸ்பெயினைப் பற்றி நன்றாகப் பாடம் நடத்துகிறேன், பார்க்காமலேயே.

என்னிடம் ஆராய்ச்சி செய்யும் தேவிக்குப் போன வாரம் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. ஆடி மாதம்! அவள் அம்மா அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஓடி வந்து, “பதில் லெட்டரை ஆவணி வரைக்கும் நீங்களே பத்திரமா வச்சிருங்க டீச்சர்” என்றார். நான் தேவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனேன். நீங்கள் உட்கார்ந்திருந்த அதே ஜன்னல். சீல் விழுந்த சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கடிதம் போய்விட்டது அப்பா. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இன்னும் என்னிடமே இருக்கிறது. கட்டாயம் அனுப்புகிறேன். ஆவணி பிறக்கட்டும்.

உங்கள் மூத்த மகள்,
கலைச்செல்வி