மூலையில் நீல நூல்

மார்ச் 3
பூங்கா, ஏழாம் நம்பர் கூடாரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே எப்படி என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன்.

நேற்று மட்டும் ஆறு தடவை போன் செய்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை, இனியும் எடுப்பதாக இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வருகிறது. அழுதுகொண்டே திட்டினால் திட்டு சரியாக விழாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி உங்கள் மகனிடம் கொடுத்தனுப்புங்கள். எனக்கு மாப்பிள்ளையாக வாய்த்த பாவத்துக்கு அவர் தினமும் சாயந்திரம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து துணிக்குக் குறி போட்டவர்கள் நாம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசியதுகூட அந்தப் பெஞ்சில்தான், வாடி போடி என்றுதான். இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறேன் என்றால் காரணம் உண்டு. கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும்.

புது ஒப்பந்தக்காரர் ஒரே தாளில் அறுபத்தைந்து பேரை நிறுத்தினார். வேண்டுமானால் தினக்கூலியாக வாருங்கள் என்றார். அறுபத்தைந்து பேரும் எதிர்ப் பூங்காவுக்கு வந்து உட்கார்ந்தோம், நகராட்சியில் முப்பது நாள் அனுமதி வாங்கிக்கொண்டு. பத்தாம் நாள் காலையில் கண் விழித்துப் பார்த்தால் உங்கள் பாய் சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறது. எதிரே சலவைக்கூடத்துப் புகைபோக்கியில் புகை. நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். சொல்லிக்கொண்டாவது போயிருக்கலாம்.

மற்றபடி குறைவில்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் கம்பளி கொண்டுவந்து குவிக்கிறார்கள், நூற்று நாற்பது சேர்ந்துவிட்டது. யாருடையது எது என்று தினமும் சண்டை. என் கை சும்மா இருக்குமா? நீல நூல் வாங்கி எல்லாவற்றுக்கும் மூலையில் குறி போட்டுவிட்டேன். பாய்லர்காரருக்குச் சுத்தியல், இஸ்திரிக்காரிக்கு ஏணி, வண்டி தள்ளுகிறவருக்குச் சக்கரம், இப்படி ஆளுக்கொன்று. பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 5
வீடு

அடியே,

இன்னொரு தடவை 'நீங்கள்' என்று எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். திட்டுவதென்றால் ஒழுங்காகத் திட்டு.

சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்கிறாய். சொல்லியிருந்தால் நீ என் கையைப் பிடித்திருப்பாய். பிடித்தால் நான் நின்றிருப்பேன். நீ அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊழியர் குடும்பம் என்கிற சலுகையில்தான் அந்தப் படுக்கை கிடைக்கிறது. ஒன்பதாம் நாள் சீட்டைக் காட்டியபோது, 'உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா' என்று நர்ஸ் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்ய? தினக்கூலித் தாளில் கையெழுத்துப் போட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்குகிறதா என்று உன் மகளைக் கேள்.

இங்கே வேலை நடக்கிற லட்சணத்தைச் சொன்னால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஆபரேஷன் தியேட்டர் விரிப்பையும் வார்டு விரிப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிறார்கள். புது மேற்பார்வையாளர் இதற்குமுன் எங்கோ கார் கழுவும் இடத்தில் இருந்தாராம். கேட்டால் அழுக்கு அழுக்குத்தானே என்கிறார்.

முக்கியமான விஷயம். அந்த மேற்பார்வையாளர் போனில் பேசியதைக் காதால் கேட்டேன். இந்த வாரத்துக்குள் பூங்காவைக் காலி செய்யப் போலீஸ் வருகிறது. உனக்கு முழங்கால் சரியில்லை, ஓடவும் முடியாது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உன் மகள் வீட்டில் போய் இரு. எனக்காக வேண்டாம், பேரனோ பேத்தியோ வரப் போகிறதே, அதற்காக.

உன்
பெஞ்சுக்காரி


மார்ச் 8
மகள் வீடு

அடியே,

நீ சொன்னபடியே வந்தார்கள். நேற்றுக் காலை பத்து மணி. நீ சொன்னபடி நான் போகவில்லை.

நான்கு பஸ், ஒரு தண்ணீர் லாரி. அதிகாரி ஒலிபெருக்கியில் பத்து நிமிஷம் என்றார். பாய்லர்காரர் அனுமதிக் கடிதத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிக்கொண்டு முன்னால் போனார். தண்ணீரைத் திறந்தார்கள். கடிதம் அவர் கையிலேயே கூழாகிவிட்டது. கூடாரக் கயிற்றை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருபது பேர் உட்கார்ந்தோம். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. என் இடது கை கருநீலமாக வீங்கியிருக்கிறது, முறிவு இல்லை. பாய்லர்காரரை நாற்காலியோடு தூக்கிப்போய் ரோட்டில் வைத்தார்கள். அவர் அங்கேயும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கம்பளிகளைச் சேற்றோடு வாரி லாரியில் ஏற்றினார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

பேப்பரில் போலீஸ் அறிக்கை படித்தாயா? பூங்கா பல நாளாகக் காலியாகக் கிடந்ததாம். அக்கம்பக்கத்தார் எடுத்த வீடியோவில் இருப்பவர்கள் அன்று காலையில் கலாட்டா செய்ய வந்த வெளியாட்களாம். கிழிந்த பிளாஸ்டிக்கைத் தவிர அங்கே ஒன்றும் இல்லையாம். காரணம் இருக்கிறது. தொடர்ந்து தங்கியிருந்தால்தான் நகராட்சி அனுமதி செல்லும், விட்டுப் போனால் ரத்து. அனுமதியே இல்லாத கூட்டம் என்று ஆக்கிவிட்டால், வேலைநீக்க வழக்கும் அதோடு சேர்ந்து படுத்துவிடும் என்கிறார் வக்கீல். பதின்மூன்றாம் தேதி விசாரணை. 'நீங்க அங்கதான் தங்கியிருந்தீங்கன்னு காட்ட ஏதாவது ஒண்ணு குடுங்கம்மா' என்று கேட்கிறார். இருந்ததையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எதைக் கொடுப்பது?

உன் மகன் எனக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் போனார். உன்னைவிட அவருக்குக் கை மெது.

உன்
வீங்கிய கைக்காரி


மார்ச் 10
சலவைக்கூடம், சாப்பாட்டு வேளை

அடியே,

இதைப் படித்ததும் நேராக வக்கீலிடம் போ. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்காராதே.

இன்று காலையில் ஒப்பந்தக்காரரின் லாரி பின்வாசலுக்கு வந்தது. கம்பளி, மலை மாதிரி, எல்லாம் சேறு. மேற்பார்வையாளர் சொன்னார்: 'ஓசில கிடைச்சதும்மா. துவைச்சு நம்ம முத்திரையைக் குத்தி வார்டுக்கு அனுப்பிடு. புதுசா வாங்குற வேலை மிச்சம்.' முதல் கம்பளியை எடுத்து, பழக்கதோஷத்தில் மூலையைத் திருப்பிப் பார்த்தேன். ஏணி. அடுத்தது சுத்தியல். அதற்கடுத்தது சக்கரம். உன் தையல் எனக்குத் தெரியாதா? எந்த முடிச்சையும் இரண்டு தடவை போடுகிற பயந்தாங்கொள்ளித் தையல்.

துவைத்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. மூலையை வெட்டி மடித்துத் தைத்துவிடுவார்கள். துவைக்க மாட்டேன் என்றால் இன்னொருத்தி துவைப்பாள். அப்போதுதான் மஞ்சள் பை ஞாபகம் வந்தது. 'சார், இதுல தொற்று நோய் வார்டு துணியும் கலந்திருக்கும்போல இருக்கு. மஞ்சள் பையில கட்டி சீல் வெச்சு மூணு நாள் தனியா வைக்கணும், அதுதான் விதி' என்றேன். கார் கழுவிய மனிதர் பத்தடி பின்னால் போய் நின்றார். பதினான்கு பை. ஒவ்வொன்றின் சீட்டிலும் தேதி, லாரி நம்பர், எங்கிருந்து வந்தது எல்லாம் எழுத வேண்டுமல்லவா? எழுதினேன். மேற்பார்வையாளர் கையெழுத்தும் வேண்டுமென்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பதினான்கிலும் போட்டார். 'எதிர்ப் பூங்கா' என்று நான் எழுதியிருந்ததை அவர் படிக்கக்கூட இல்லை.

ஆக, பதின்மூன்றாம் தேதி காலைவரை யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் கோர்ட் ஆளை அனுப்பச் சொல். வந்தால் என் வாக்குமூலத்தையும் கொடுப்பேன்.

நேரே டயாலிசிஸ் அறைக்குப் போய் உன் அண்ணனிடம் சொன்னேன். வேலை போகும், சலுகையும் போகும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மெஷினைக் கை காட்டினார். பிறகு சொன்னார்: 'பாதி நாள் நான் இந்த மெஷின் முகத்தைப் பார்க்கிறேன். மீதி பாதி நாள் உன் முகத்தைத்தான் பார்க்கணும். பதினஞ்சு நாளா அது பார்க்கிற மாதிரியே இல்ல. போய்க் குடு.'

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று மத்தியானம் சோறு இறங்கியது.

உன்
பெஞ்சுக்காரி


மார்ச் 13
பூங்கா

என் உயிரே,

மேலே எங்கிருந்து எழுதுகிறேன் என்று மறுபடி ஒரு தடவை பார். பூங்காவிலிருந்து எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம்.

நீ அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன், கேள். நேற்றுக் கோர்ட் அலுவலர் பைகளை எடுத்துப் போனதும், நீ வாக்குமூலம் கொடுத்ததும் ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்று உட்கார இடமில்லை. அரசு வக்கீல் எழுந்து, மூலையில் நூல் போட யாராலும் முடியும், இது ஜோடித்தது என்றார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அறுபத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுக்கச் சொன்னார். உங்கள் குறியை வரைந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். தாள்களை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் பைகளின் சீலை உடைக்கச் சொன்னார்.

ஐயோ, அந்த நாற்றம். மூன்று நாள் ஈரச் சேறு. அரசு வக்கீல் ஜன்னல் பக்கம் போய்விட்டார். நமக்கு என்ன, பழகின நாற்றம். குமாஸ்தா ஒவ்வொரு மூலையாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல நீதிபதி அம்மா தாளைத் தேடி எடுத்தார். ஏணி, ஆமாம். சுத்தியல், ஆமாம். பூட்டு, ஆமாம். பாய்லர்காரர் வரைந்த சுத்தியல் மட்டும் வாத்து மாதிரி இருந்ததால் அவரை எழுப்பிக் கேட்டார்கள். அறுபத்து நான்கும் பொருந்திவிட்டது.

பிறகு ஒரு கம்பளி வந்தது, தாளே இல்லாத குறியோடு. தொப்பி. அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, இது யாருடையது என்றார். சொல்லட்டுமா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். 'என்னுதுங்கம்மா.' பூங்கா வாசல் காவலுக்கு நின்றாரே, அந்தப் போலீஸ்காரர். வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளியை நம் கூடாரத்தில்தான் மடித்து வைத்துவிட்டுப் போவார். கண்ணில் பட்ட துணிக்கெல்லாம் குறி போட்ட நான் அதையும் விட்டுவைக்கவில்லை. அவர் சொன்னார்: 'கேக்காமலே குறி போட்டுட்டாங்கம்மா. வீட்டுல என்ன சொல்றதுன்னு பிரிச்சுப் பார்த்தேன், பிரியவே மாட்டேங்குது.' கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மா சிரிக்காமல் கேட்டார்: 'அங்கே எத்தனை நாள் காவல் இருந்தீங்க?' 'இருபத்தொரு நாளும்மா.' 'யாருக்குக் காவல்?' அவர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, 'இவங்களுக்குத்தான்' என்றார்.

அதோடு முடிந்தது. வெளியேற்றியது சட்டவிரோதம். பூங்கா நமக்கு. வேலைநீக்கத்துக்கும் தடை. நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். ஒப்பந்தம் ரத்து, எல்லோரையும் ஆஸ்பத்திரியே நேராக வேலைக்கு எடுத்துக்கொள்ளும், திங்கட்கிழமை முதல் என்றார். பாய்லர்காரர் குதித்த குதியில் ஊஞ்சல் பலகை உடைந்துவிட்டது.

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். உன் பெயர் இல்லை. போராட்டத்தில் இல்லாதவர், ஒப்பந்தக்காரர் நேற்றே நீக்கிய ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். இதை உனக்கு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டும்.

உன்
சண்டைக்காரி


மார்ச் 15
வீடு

அடியே,

நேற்று முழுக்க உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். உன் அண்ணனுக்கு அந்தத் தொப்பிக் கதையை மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

என் பெயருக்காக யாரிடமும் கெஞ்சாதே. நீங்கள் எல்லோரும் மண்ணில் படுத்திருந்தபோது நான் கூரைக்குக் கீழே வேலை பார்த்தேன். அது நடந்ததுதான், பதினான்கு பையால் மறைகிற விஷயம் இல்லை. டயாலிசிஸ் டாக்டர் அம்மா அடுத்த வாரம் வரைக்கும் அண்ணன் படுக்கையை எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்புறம் வேறு வழி தேடுவோம். நீ திங்கட்கிழமை சந்தோஷமாக உள்ளே போ. நான் வாசல் பக்கம் வரவில்லை, அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உன்
பெஞ்சுக்காரி


மார்ச் 16
பூங்கா

அடி பைத்தியமே,

நாங்கள் கெஞ்சவில்லை. இன்று காலை கையெழுத்துப் போட வந்த அதிகாரியிடம் பாய்லர்காரர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'ஒரு பேரு குறையுதுங்க' என்றார். அதிகாரி விதிமுறையைப் படிக்க ஆரம்பித்தார். இஸ்திரிக்காரி, உன்மேல் எல்லோரையும்விடக் கோபமாக இருந்தாளே, அவள்தான் எழுந்து சொன்னாள்: 'அவ உள்ள போனதுல எனக்கு வருத்தம் உண்டு. அதை அவகிட்ட நான் நேர்ல கேட்டுக்குவேன். அதுக்கு அவ அங்க இருக்கணும்ல?' பிறகு ஒவ்வொருவராகப் பாயை விரித்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். அறுபத்து நான்கு பேரும், அடியே, ஒருத்தர் பாக்கியில்லாமல். ஆஸ்பத்திரியில் சுத்தமான விரிப்பு இன்னும் ஒரு நாளைக்குத்தான் இருக்கிறது, அது அதிகாரிக்கும் தெரியும். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். உன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். பழைய சர்வீஸோடு, அண்ணனின் சலுகையோடு. தாளை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

நீ பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. தீர இன்னும் பத்து வருஷமாவது ஆகும். பக்கத்தில் உட்கார்ந்துதான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நாளைக் காலை ஆறு மணி ஷிப்ட், முன்வாசல். நீ வராமல் யாரும் உள்ளே நுழைவதாக இல்லை. நீ லேட்டானால் அறுபத்து நான்கு பேரும் லேட்.

உன்
நான்