மேல் வரி இல்லாத அட்டவணை

பெப்ரவரி 8, சனி

"இந்த வெடிமருந்தளவை எங்கயிருந்து எடுத்தனீர்?" என்று சுஜீத்திடம் இன்று கேட்கவில்லை. தன் கராஜில் எங்கள் இருவருக்குமாகத் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். கைத்துப்பாக்கித் தோட்டாதான், ஆனால் இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் விடாது. அதே தோட்டாவைச் சுடும் ரைபிளுக்குத்தான் எங்களிடம் உரிமம். கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மே மாதம் எங்கள் கல்யாண எழுத்து, பதிவுத் திருமணம். இப்போதே ஏன் சண்டை?

பெப்ரவரி 9

கேட்டுவிட்டேன். துப்பாக்கி சுடும் கிளப்பில் பழக்கமான சந்திரகுமார் அண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாம். வெடிமருந்துக் கம்பனியின் அட்டவணை: தோட்டா முனையிலுள்ள குண்டின் எடை, மருந்தின் தொடக்க அளவு, உச்ச அளவு. சுஜீத் நேரே உச்சத்தைப் போட்டிருக்கிறார். படத்தில் மேல் வரி வெட்டுப்பட்டிருக்கிறது. தற்செயலா?

பெப்ரவரி 11

கம்பனியின் தளத்தில் தேடினேன். அதே மருந்து, அதே எடை, ஆனால் இரண்டு அட்டவணை, இரண்டு உச்சம். வழக்குக்குப் பயந்து ஒன்றில் குறைத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் மேல் வரிகளை வாசித்தேன். கூடியது ஈயக் குண்டுக்கு, குறைந்தது செப்புக் குண்டுக்கு. சுஜீத்திடம் இருக்கும் படம் ஈயத்துக்கானது. அவர் வைத்திருப்பதோ செப்பு. கிளப்பில் ஈயத்தை நிறுத்திவிட்டார்கள். செப்பு அதே எடைக்கு நீளமாக இருக்கும், தோட்டாவின் கோதுக்குள் ஆழமாக இறங்கும். மருந்துக்கு இடம் குறையும். அழுத்தம் ஏறும். ரைபிள் வெடித்தால் அவருடைய கண், கை—

பெப்ரவரி 12

சொன்னேன்.

"எடை ஒண்டுதானே, தாரிணி. நீர் என்னைத்தான் நம்பேல்லை."



பெப்ரவரி 13

நான் நம்பாதது அவரையா, தோட்டாவையா?

பெப்ரவரி 15, சனி

கிளப்புக்குப் போனோம், நான் சுடவில்லை. "தங்கச்சி இண்டைக்கு வேடிக்கை பாக்க வந்தவ போல" என்று சந்திரகுமார் அண்ணை பகிடி விட்டார். சுஜீத் என்னைப் பார்த்துக்கொண்டே தோட்டாப் பெட்டியைத் திறந்தார். நான் நேரே சுடுமிடத்துக்குப் பொறுப்பான ரேஞ்ச் ஆபீசரிடம் போனேன். எல்லோருக்கும் முன்னால். அவர் கேள்விகள் கேட்டார், குண்டை அளந்தார், அந்தப் பெட்டியில் ஒன்றையும் சுட விடவில்லை.

சுஜீத் காரை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டார். நான் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக்கு ரயிலில் வந்தேன். என்னத்தைச் செய்திருக்கோணும் நான்? பாத்துக்கொண்டு நிண்டிருக்கோணுமா?

மார்ச் 2

அவருடைய அம்மா என் அம்மாவோடு கல்யாணத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசினா. என்னைக் கேட்கவில்லை.

மே 24

எழுத்து நடக்கவில்லை. சந்திரகுமார் அண்ணையைத் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடையில் கண்டேன். அந்தத் தோட்டாக்களை அந்தச் சனி பின்னேரமே சுஜீத் ஒன்றுவிடாமல் குண்டு வேறு மருந்து வேறாகப் பிரித்துவிட்டாராம்.