சைடுகாரில் வந்தவளுக்கு ஒரு நாணயம்

நம் மகள் நேற்று எனக்கு ஒரு நாணயம் வாங்கி வந்தாள். வெல்வெட் பெட்டி, கண்ணாடி மூடி, நாணயத்தின் மேல் ஒரு பந்தயக் கார். சேகரிப்பவர்களுக்கென்றே அடித்ததாம், கையால் தொடக் கூடாதாம். நான் நீ விட்டுப்போன பூண்டு டப்பாவைத் திறந்து உன் நாணயத்தை எடுத்தேன். வாசனையோடு வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்தாயே, அதிலிருந்த மோட்டார் சைக்கிள் பாதி காணோம்.

"இப்படித் தேய்ச்சா சேகரிக்கிறவங்க மதிக்க மாட்டாங்கப்பா" என்றாள். அவளுக்குக் கதை முழுசாகத் தெரியாது.

அறுபதுகளில் ஒரு சீசன். பெருமாள்மலையிலிருந்து ஏரிக்கரை வரை மலைப்பாதையில் மோட்டார் கிளப் பந்தயம் வைத்தது. எட்டாம் வகுப்போடு நின்ற நான், வில்பட்டியிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றும், இடப்பக்கம் பெட்டி பூட்டிய சைடுகார் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட வரவேண்டிய சிநேகிதனுக்கு அன்று காலையில் காய்ச்சல். பயத்தில் வந்த காய்ச்சல்தான்.

"மூட்டை மேலயே உக்காந்து வாரவ, வெறும் பெட்டியில வர மாட்டேனா? வெரசா எடுங்க" என்று சேலையை இழுத்துச் செருகினாய்.

இடது வளைவில் பெட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஒவ்வொரு தடவையும் நீ வெளியே தொங்குகிற மாதிரி சாய்ந்து அதை அமுக்கினாய். நான் முருகனைக் கூப்பிட்டபடி ஆக்சிலேட்டரைத் திருகினேன், அவ்வளவுதான். சைடுகாரில் நாம்தான் முதல். வந்ததே மூன்று வண்டி, ஒன்றுக்குச் செயின் அறுந்துவிட்டது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிளப் செயலாளர் நினைவு நாணயம் ஒன்றை என் கையில் வைத்தார்.

"எனக்குங்க சார்?"

"ஓட்டினவருக்குத்தாம்மா. நீங்க சும்மா உட்கார்ந்துதானே வந்தீங்க."

"விடு, வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்றேன். நீ முறைத்தது இன்னும் சுடுகிறது.

"அப்ப நீங்களும் சும்மா உக்காந்து ரெண்டு வளைவு போயிட்டு வாங்க சார். சாயாம வந்துட்டா நான் கேக்கல."

கூட்டம் சிரித்தது. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். முதல் இடது வளைவிலேயே சக்கரம் ஒரு முழம் எழும்பியது. "வெளிய சாயுங்க சார்" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடி, என் பக்கம் சாய்ந்து, இடுப்பைக் கட்டிக்கொண்டார். எப்படியோ வண்டியை நிறுத்தினேன். திரும்பி நடந்தே வந்தார்.

தன் சேகரிப்புக்கென்று சட்டைப்பையில் வைத்திருந்த நாணயத்தை எடுத்து இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டினார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாய்.

"சோலி முடிஞ்சதுங்க. வாங்க, பூண்டு மூட்டை கெடக்கு."

என்னுடையது டிரங்குப் பெட்டியில் கறுத்துக் கிடக்கிறது. உன்னுடையதுதான் மின்னுகிறது. மகள் காரில் மலை இறங்கும்போது, "கைப்பிடியப் பிடிச்சுக்கங்கப்பா" என்பாள். வலது வளைவுக்குப் பிடித்துக்கொள்வேன். இடது வளைவு உன் பொறுப்பு.